கண் பரிசோதனை: வலிக்காத நோயைத் தேடிய வரலாறு

"கண்தான் நன்றாகத் தெரிகிறதே, பிறகு எதற்குப் பரிசோதனை?" கண் மருத்துவரிடம் ஒருமுறை போய் வரும்படி வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால், பல வீடுகளில் கிடைக்கும் பதில் இதுதான். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. பல் வலித்தால் பல் மருத்துவர், காய்ச்சல் வந்தால் மருந்தகம் என்று பழகிய மக்களுக்கு, தொந்தரவே தராத கண்ணை ஏன் காட்ட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் பார்வையைப் பறிக்கும் நோய்களில் மிகக் கொடியவை பெரும்பாலும் வலிப்பதில்லை. நீரிழிவு விழித்திரையைத் தாக்கும்போதும், கண்ணழுத்த நோய் பார்வை நரம்பை அரிக்கும்போதும், குழந்தையின் ஒரு கண் மட்டும் மெல்ல மங்கும்போதும் உடம்பு எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. இதைக் கண்டறிந்து, நோயாளி வரும்வரை காத்திராமல் நோயைத் தேடிப் போக வேண்டும் என்ற முடிவுக்கு வர மருத்துவ உலகுக்கு நீண்ட காலம் பிடித்தது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், மேற்சொன்ன கேள்விக்கான பதிலும் தானே கிடைத்துவிடும்.

வாசலில் காத்திருந்த மருத்துவம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண் மருத்துவமனை என்பது, கண் கெட்டவர்கள் வந்து சேரும் இடமாகவே இருந்தது. நெப்போலியன் காலத்தில் எகிப்துக்குப் போர்புரியச் சென்ற பிரிட்டிஷ் படையினர் பலர் கடுமையான கண் நோயுடன் நாடு திரும்பினர். பார்வை இழந்தவர்கள் பெருகவே, 1805ல் லண்டனில் கண் நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. பின்னாளில் மூர்ஃபீல்ட்ஸ் என்று உலகப் புகழ் பெற்றது அதுவே.

அதையே முன்மாதிரியாகக் கொண்டு 1819ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்றான இது, எழும்பூர் அரசு கண் மருத்துவமனையாக இன்றும் இயங்கி வருகிறது. 2019ல் அதற்கு 200 வயது நிறைந்தது.

இந்த மருத்துவமனைகள் எண்ணற்றோருக்கு உதவின என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்றைய மருத்துவரால் கண்ணின் வெளிப்புறத்தை மட்டுமே பார்க்க முடிந்தது. சிவப்பு, சீழ், புரை ஆகியவை தெரிந்தன. கண்மணிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது முழு இருட்டு. வெளியே ஒன்றும் தெரியாமல் பார்வை போனால், மருத்துவரும் நோயாளியைப் போலவே விழிக்க வேண்டியிருந்தது.

உள்ளே விழுந்த ஒளி

அந்த இருட்டை அகற்றியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். கண்மணி ஏன் எப்போதும் கறுப்பாகத் தெரிகிறது என்று அவர் யோசித்தார். கண்ணுக்குள் போகும் ஒளி, போன வழியே திரும்பி வருகிறது. அதைக் காண, பார்ப்பவர் தம் கண்ணை அந்த வழியிலேயே வைக்க வேண்டும். ஆனால் அவ்வாறு குனிந்தால் அவருடைய தலையே ஒளியை மறைத்துவிடும். சாய்த்து வைத்த கண்ணாடித் தகடு ஒன்றின் மூலம் விளக்கொளியை உள்ளே திருப்பிவிட்டு, அதே கண்ணாடியின் ஊடே பார்க்கும் கருவியை அவர் உருவாக்கினார். 1851ல் அதைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது.

மனித வரலாற்றில் முதன்முறையாக, உயிருடன் இருக்கும் ஒருவரின் விழித்திரையையும் பார்வை நரம்பையும் இரத்தக் குழாய்களையும் மருத்துவர்களால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. சில ஆண்டுகளிலேயே பெர்லினில் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃப, கண்ணழுத்த நோயால் பார்வை நரம்பின் முனை குழிந்து போவதைக் கண்டார். அதே காலக்கட்டத்தில் வியன்னாவில் எட்வர்ட் யேகர், நீரிழிவு நோயாளியின் விழித்திரையில் ஏற்பட்டிருந்த மாற்றங்களை விவரித்தார்.

நோயாளி உணராததை மருத்துவர் பார்க்க முடியும் என்ற நிலை அன்றுதான் பிறந்தது. வழக்கமான கண் பரிசோதனைக்கு அடித்தளம் இதுவே எனலாம்.

சுவரில் மாட்டிய எழுத்துகள்

பார்க்க முடிந்தால் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும். ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது. ஆனால் பல நூற்றாண்டுகளுக்கு மக்கள் அதை வியாபாரியின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்து, பொருந்துவதை வாங்கிக்கொண்டனர். ஒருவருடைய பார்வை எவ்வளவு என்பதை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி சொல்ல அளவுகோல் இல்லை.

1862ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் அதைத் தந்தார். மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே வரவரச் சிறுத்துக்கொண்டே போகும் வரிகள். இன்று எந்தக் கண்ணாடிக் கடையிலும் காணப்படும் அந்தப் பலகை அவருடைய கணக்கில் பிறந்தது. 6/12 என்று மருத்துவர் எழுதினால், நல்ல பார்வை உடையவர் 12 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும் எழுத்தை, பரிசோதிக்கப்பட்டவர் 6 மீட்டருக்கு நெருங்கி வந்துதான் படிக்கிறார் என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாதோர்க்காக, ஒரே வடிவத்தை நான்கு திசைகளில் திருப்பி வைத்த பலகையும் வந்தது. அதன்பின் பார்வையை அளக்கப் பெரிய மருத்துவர் தேவைப்படவில்லை. ஓர் ஆசிரியரோ தாதியோ போதும்.

பள்ளிக்கூடம் சென்ற மருத்துவர்

அந்த வசதியைப் பெரிய அளவில் பயன்படுத்திக்கொண்டவர் பிரெஸ்லாவ் நகரத்துக் கண் மருத்துவர் ஹெர்மன் கோன். 1860களில் அவர் நோயாளிகளுக்காகக் காத்திருக்கவில்லை. பள்ளிகளுக்குச் சென்று 10,060 மாணவர்களின் கண்களைச் சோதித்தார். கிராமப் பள்ளிகளில் நூற்றுக்கு 2 பேருக்கும் குறைவாகவே கிட்டப்பார்வை இருந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் அது நூற்றுக்கு 26ஆக இருந்தது. வகுப்பு ஏற ஏறக் குறையும் ஏறியது. படிப்புக்கும் கிட்டப்பார்வைக்கும் தொடர்பு உண்டு என்பதை எண்ணிக்கையோடு உலகுக்குக் காட்டியது இந்த ஆய்வு. நன்றாக இருப்பதாக எண்ணப்பட்ட பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சோதித்ததால்தான் அது தெரியவந்தது. 1899ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் பள்ளிகளில் பார்வைச் சோதனையைச் சட்டமாக்கியது.

கோன் கண்டதன் முழு உருவத்தைப் பிற்காலத்தில் சிங்கப்பூர் கண்டது. 1990களின் பிற்பகுதியில் தேசிய சேவைக்கு வந்த சுமார் 15,000 இளைஞர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு 79 பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. சீன இளைஞர்களில் 82, இந்தியர்களில் 69, மலாய்க்காரர்களில் 65 விழுக்காடு. எந்த இனமும் தப்பவில்லை.

2001ல் தேசியக் கிட்டப்பார்வைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 2008ல் வெளியான ஆய்வு ஒன்று, சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் 6, 7 வயது சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டது. சிட்னியில் கிட்டப்பார்வை நூற்றுக்கு 3, சிங்கப்பூரில் 29. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் வெளியில் கழித்தனர், சிங்கப்பூர்ப் பிள்ளைகளோ 3 மணி நேரம்தான். பிள்ளையை மாலையில் விளையாட்டுத் திடலுக்கு அனுப்புவதும் கண் வைத்தியந்தான் என்ற கருத்து அதற்குப் பிறகு வலுப்பெற்றது. சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகள், மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து கிட்டப்பார்வை வளரும் வேகத்தைக் குறைக்கும் என்பதையும் காட்டின.

கண்ணாடி போட்டுவிட்டால் தீர்ந்துவிடும் காரியம் அல்ல இது. கிட்டப்பார்வை மிக அதிகமாகிவிட்டால் விழித்திரை விலகுதல், கண்ணழுத்த நோய் முதலியவற்றின் ஆபத்து பிற்காலத்தில் கூடுகிறது. ஆகவே, சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் பலன்.

தொட்டிலிலிருந்தே தொடங்கும் தேடல்

பள்ளி வயதுக்கு முன்பும் கண்ணுக்கு ஆபத்து உண்டு. 1942ல் பாஸ்டன் நகர மருத்துவர் தியோடர் டெரி, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ஏற்படும் ஒரு புதிய நோயை விவரித்தார். குழந்தைகளைப் பிழைக்க வைக்கத் தாராளமாகக் கொடுக்கப்பட்ட பிராணவாயுவே பெருங்காரணம் என்பது 1950களில் தெளிவாயிற்று. அதற்குள் உலகில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தனர். 1950ல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் அவ்வாறு பார்வை இழந்தவரே. இன்று மிகக் குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையைக் குறித்த வாரங்களில் சோதிப்பது பல நாடுகளில் கட்டாய நடைமுறையாகிவிட்டது.

இன்னொன்று சோம்பல் கண். ஒரு கண் மாறுகண்ணாக இருந்தாலோ, இரு கண்களின் ஆற்றலுக்கும் மிகுந்த வேறுபாடு இருந்தாலோ, மூளை நல்ல கண்ணையே நம்பி மற்றதைப் புறக்கணிக்கத் தொடங்கும். ஹூபல், வீசல் ஆகிய இரு விஞ்ஞானிகள் 1960களில் பூனைக்குட்டிகளைக் கொண்டு நடத்திய சோதனைகள், பார்வை வளர்வதற்கு இளம் வயதில் ஒரு குறிப்பிட்ட காலம் உண்டு, அது கடந்தால் இழப்பை ஈடுசெய்வது கடினம் என்று உணர்த்தின. 1981ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கண்ணால் பார்த்துப் பழகிய குழந்தை, "எனக்கு ஒரு கண் மங்கல்" என்று சொல்லாது. உலகம் இப்படித்தான் இருக்கும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். பள்ளி செல்லுமுன் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிச் சோதிப்பது இதற்காகத்தான்.

உழைக்கும் வயதில்

பெரியவர்களுக்கும் தங்கள் குறை தெரியாமல் இருக்கலாம் என்பதை உணர்த்தியது ஒரு ரயில் விபத்து. 1875ல் சுவீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதி 9 பேர் மாண்டனர். ஊழியர் ஒருவர் சமிக்ஞை விளக்கின் நிறத்தைத் தவறாகக் கண்டிருக்கலாம் என்று பேராசிரியர் ஹோம்கிரென் கருதினார். விபத்துக்குக் காரணம் அதுதானா என்பதில் பிற்கால ஆய்வாளர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவர் வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு ஒரு ரயில் பாதையின் 266 ஊழியர்களைச் சோதித்தபோது, 13 பேருக்கு நிறக்குருடு இருப்பது தெரியவந்தது. அவர்கள் அதுவரை வேலை பார்த்து வந்தவர்கள். ரயில்வே, கப்பல் ஊழியர்களுக்குக் கண் பரிசோதனை கட்டாயமானது இதன் பிறகுதான். 1917ல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா வடிவமைத்த வண்ணப் புள்ளிப் படங்கள் இன்றளவும் பயன்படுகின்றன.

நடுத்தர வயதில் வந்து சேரும் எதிரி வேறு. 1921, 1922ஆம் ஆண்டுகளில் கனடாவின் டொரோண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டது. அதுவரை இளவயதிலேயே மரணத்தைச் சந்தித்த நீரிழிவு நோயாளிகள் பல்லாண்டுகள் வாழத் தொடங்கினர். வாழ்வு நீண்டபோது, முன்பு வெளிப்பட நேரமில்லாத தீங்கும் வெளிப்பட்டது. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்தன, அடைபட்டன. புதிய, பலவீனமான குழாய்கள் முளைத்து வெடித்தன. மேலை நாடுகளில் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணங்களில் ஒன்றாக நீரிழிவு மாறியது.

1976ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின் முடிவு நம்பிக்கை தந்தது. நோய் முற்றிய கண்களுக்கு உரிய நேரத்தில் ஒளிக்கதிர் சிகிச்சை அளித்தால், கடுமையான பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கலாம் என்று அது காட்டியது. ஆனால் அதில் ஒரு சிக்கல். சிகிச்சை நன்றாகப் பலன் தரும் கட்டத்தில் நோயாளிக்கு நன்றாகக் கண் தெரியும். இரத்தம் கசிந்து, கண் முன் திரை விழுந்த பிறகு ஓடி வந்தால், காப்பாற்ற முடிவது குறைவு. ஆக, பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுதோறும் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும்.

கண்ணழுத்த நோயின் கதையும் இதுவே. பெரும்பாலோருக்கு அது ஓரப் பார்வையை முதலில் தின்கிறது. நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருப்பதால் செய்தித்தாள் படிக்கலாம், தொலைக்காட்சி பார்க்கலாம். படியில் தடுக்கி விழும்போதுதான் சந்தேகம் வரும். தென் சுவீடனில் 44,000க்கும் மேற்பட்டோரைச் சோதித்து, தொடக்க நிலை நோயாளிகளைத் தேடிப் பிடித்து நடத்தப்பட்ட ஆய்வு 2002ல் வெளியாயிற்று. தொடக்கத்திலேயே கண்ணழுத்தத்தைக் குறைத்தால் நோய் முற்றும் அபாயம் பாதியாகிறது என்பதை அது நிலைநாட்டியது. இழந்த பார்வையை மீட்க இன்றும் வழியில்லை. எஞ்சியதைக் காப்பாற்றவே முடியும்.

மதுரை கற்பித்த பாடம்

பரிசோதனையை இலவசமாக, வீட்டு வாசலிலேயே கொடுத்தால் மக்கள் வந்துவிடுவார்களா? இதற்கான பதில் தமிழ்நாட்டிலிருந்து கிடைத்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப் போன நிலையிலும் அறுவைசிகிச்சை செய்தவர் அவர். அம்மருத்துவமனையின் கிராம முகாம்கள் உலகப் புகழ் பெற்றவை.

அப்படிப்பட்ட முகாம்களைப் பற்றி 1999ல் வெளியான ஓர் ஆய்வு, கண் சிகிச்சை தேவைப்பட்ட கிராமத்தாரில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரே முகாமுக்கு வந்ததாகத் தெரிவித்தது. பணம் மட்டுமே தடை அல்ல. வீட்டில் அழைத்துப்போக ஆளில்லை என்ற நிலை, பயம், "இப்போதைக்குச் சமாளிக்கலாம்" என்ற எண்ணம் ஆகியவையும் தடைகளாகின்றன. அதன்பின் அரவிந்த் நிறுவனம் கிராமப்புறங்களில் நிரந்தரக் கண் மையங்களைத் திறந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் முகாமைவிட, எப்போதும் பக்கத்திலேயே இருக்கும் சிறு மையம் மக்களைப் பரிசோதனைக்குப் பழக்குகிறது.

சிங்கப்பூர் இந்தியர்கள் கவனிக்க வேண்டியது

பல மாடிக் கட்டடங்களும் பக்கத்திலேயே பலதுறை மருந்தகங்களும் உள்ள சிங்கப்பூருக்கு இது பொருந்தாது என்று எண்ணத் தோன்றும். 1990ல் தேசியக் கண் நிலையமும், 1997ல் கண் ஆய்வுக் கழகமும் இங்கு உருவாயின. அதன் ஆய்வாளர்கள் 2004 முதல் 2011 வரை மலாய், இந்திய, சீன சமூகங்களைச் சேர்ந்த 40 வயதுக்கு மேற்பட்ட 10,000 பேரைச் சோதித்தனர். இவர்களில் இந்தியர்கள் 3,400 பேர்.

அந்த இந்தியர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவு இருந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கருத்தாய்வும் இதையே வேறு விதமாகச் சொன்னது: நீரிழிவு விகிதம் சீனரிடையே 9.7, மலாய்க்காரரிடையே 16.6, இந்தியரிடையே 17.2 விழுக்காடு. நம் சமூகத்தில் கண் பரிசோதனை என்பது பெரும்பாலும் நீரிழிவோடு சேர்ந்தே பேச வேண்டிய பொருளாகிவிட்டது.

2010ல் பலதுறை மருந்தகங்களில் நீரிழிவு நோயாளிகளின் விழித்திரையைப் படமெடுத்து, கணினி வழி ஒரு மையத்துக்கு அனுப்பி, பயிற்சி பெற்றோர் ஆராயும் ஏற்பாடு அறிமுகமானது. முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருந்த நிலை மாறியது. பின்னர், விழித்திரைப் படத்தைத் தானே ஆராயும் கணினிச் செயலியையும் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் உருவாக்கினர். சுமார் 5 லட்சம் படங்களைக் கொண்டு நடத்தப்பட்ட அந்த ஆய்வு 2017ல் வெளியானது. 2018ல், 60 வயதைத் தாண்டியோருக்குக் கண், காது, பல் மூன்றையும் குடியிருப்புப் பேட்டையிலேயே சோதிக்கும் திட்டம் நாடு முழுவதும் விரிவடைந்தது.

இவையெல்லாம் உண்மையில் பலன் தருமா? இங்கிலாந்து இதற்குச் சான்று. அங்கு 2003ல் நீரிழிவு நோயாளிகள் அனைவருக்கும் ஆண்டுதோறும் விழித்திரையைப் படமெடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. 2014ல் வெளியான ஆய்வின்படி, குறைந்தது 50 ஆண்டுகளில் முதன்முறையாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதற்காரணம் என்ற இடத்திலிருந்து நீரிழிவு இறங்கியிருந்தது. சர்க்கரைச் சிகிச்சை மேம்பட்டதோடு, இந்தப் பரிசோதனைத் திட்டமும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

எந்த வயதில் என்ன?

வரலாறு காட்டும் வழி எளிதானது. குறைமாதக் குழந்தைக்கு மருத்துவமனையிலேயே விழித்திரைச் சோதனை. பள்ளி செல்லுமுன் ஒவ்வொரு கண்ணுக்கும் தனிச் சோதனை. பள்ளிப் பருவத்தில் ஆண்டுதோறும் பார்வை அளவு. பள்ளியிலிருந்து பரிந்துரைக் கடிதம் வந்தால் அதைப் புத்தகப் பைக்குள்ளேயே விட்டுவிடக் கூடாது.

40 வயதையொட்டி வெள்ளெழுத்து வரும்போது பலரும் கடைக்குப் போய்ப் படிக்கும் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்துவிடுகின்றனர். 13ஆம் நூற்றாண்டு மனிதர் செய்ததும் அதைத்தான். அந்தச் சமயத்தில் கண்ணழுத்தத்தையும் பார்வை நரம்பையும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. குடும்பத்தில் கண்ணழுத்த நோய் இருந்தவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. நீரிழிவு இருப்பதாகத் தெரிந்த நாளிலிருந்து விழித்திரைப் பரிசோதனை தேவை. எவ்வளவு இடைவெளியில் வர வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை. முதுமையில் கண்புரையும் விழித்திரைத் தேய்வும் சேர்ந்துகொள்வதால் இடைவெளி இன்னும் குறைய வேண்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். ஹெல்ம்ஹோல்ட்ஸின் கண்ணாடித் தகடும், ஸ்னெல்லனின் எழுத்துப் பலகையும், பலதுறை மருந்தகத்தின் படக்கருவியும் வந்த பிறகு, கண் கெடும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகும் அப்பாவுடன் மகனோ மகளோ அடுத்த முறை துணைக்குப் போகலாம். "விழித்திரைப் படம் எடுத்து எவ்வளவு நாளாயிற்று?" என்று அங்கேயே கேட்டுவிடலாம். விடை தெரியாவிட்டால், அன்றே தேதி வாங்கிக்கொண்டு வருவது நல்லது.